தூம்பா செல்லும் தெரு

புதுச்சேரியையும் கடலூரையும் சுற்றியுள்ள பழைய கத்தோலிக்க ஊர்களில் ‘தூம்பா’ என்றொரு சொல் புழங்கியது. போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்து தங்கிவிட்ட சொல். பிணத்தைக் கல்லறைக்குக் கொண்டுபோகும் பெட்டிக்கு அந்தப் பெயர். ஆளுக்கொரு சவப்பெட்டி வாங்க வசதி இல்லாத காலத்தில் கோயிலே பொதுவாக ஒன்றைச் செய்து, கறுப்பு வர்ணம் அடித்து, சக்ரீஸ்துக்குப் பக்கத்தில் எங்காவது சாத்தி வைத்திருக்கும். சாவு விழுந்த வீட்டுக்கு அது வரும். உடலை ஏற்றிக்கொண்டு பாட்டும் செபமுமாகக் கல்லறைத் தோட்டம்வரை போகும். குழியில் உடலை இறக்கிவிட்டு வெறும் பெட்டியாகத் திரும்பி வரும். இப்போது பல ஊர்களில் அதற்குச் சக்கரம் வைத்து வண்டியாக்கிவிட்டார்கள்.

எல்லாருக்கும் பொது என்று சொன்னேன். அந்த ‘எல்லாரும்’ யார் யார் என்பதில்தான் இந்தப் பகுதியில் தீராத வழக்கு.

கிறிஸ்தவ விசுவாசத்தின் முழு எடையும் ஒரு வெறுமையான கல்லறையின்மேல் நிற்கிறது. கிறிஸ்து எழவில்லையென்றால் மிச்சமெல்லாம் வீண் என்று கொரிந்து நகரத்தாருக்குப் பவுல் தயவுதாட்சண்யம் இல்லாமல் எழுதிவிட்டார். அந்த விசுவாசம் புதுச்சேரிக்கு வந்து ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை காலத்தில் அது யாரை எதிலிருந்து விடுவித்தது? பிறருடைய ஆன்ம விடுதலைக்கு உதவுகிறோம் என்று புறப்பட்டவர்கள் எங்கே போய் நின்றார்கள்? பாவத்திலிருந்து விடுதலை, சாவிலிருந்து விடுதலை என்று இறையியல் புத்தகங்கள் பட்டியல் போட்டுவிடும். கல்லறைக்குப் போகும் பாதையைக் கேட்டால் வேறு சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியை நான் கூடுதலாக நம்புகிறேன்.

முதலில் சொற்கள். நம் பாட்டிமார் ஈஸ்டரை உத்தானப் பண்டிகை என்பார்கள். விசுவாசப் பிரமாணத்தில் ‘சரீர உத்தானம்’ வரும். புராட்டஸ்டண்டுகள் உயிர்த்தெழுதல் என்பார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்து, தமிழும் புதுத்தமிழானபோது ‘உயிர்ப்பு’ வந்தது; இரட்சணியம் போய் ‘மீட்பு’ வந்தது. எளிமையான சொற்கள்தாம், குறையில்லை. ஆனாலும் உத்தானம் போனதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கிரேக்க நற்செய்திகளில் வரும் ‘அனஸ்தாசிஸ்’ என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் எழுந்து நிற்றல். உத்தானம் என்ற வடசொல்லும் உறுப்புக்கு உறுப்பு அதுவே: மேலே எழும்பி நிற்பது. உயிர்ப்பு என்றதும் மனம் உயிரை நினைக்கிறது. உத்தானம் என்றால் கீழே கிடந்த உடம்பு எழுந்து, முதுகை நிமிர்த்தி நிற்பது கண்ணில் தெரியும்.

உடம்புதான் இங்கே சிக்கல். செத்தவர் திரும்பி வருவது தமிழ்நாட்டில் ஒரு செய்தியே இல்லை. எல்லாரும்தான் திரும்பத் திரும்ப வருகிறோம். வராமல் இருப்பதற்கு வழி தேடுவதே விடுதலை. பிறவியை நோய் என்றும் கடல் என்றும் பாடிப் பழகிய காதுக்கு ‘உன் உடம்பு உனக்குத் திரும்பக் கிடைக்கும்’ என்பது நல்ல செய்தியாகவா கேட்டிருக்கும்? தத்துவ போதகர் என்று இங்கே பெயர் பெற்ற இராபர்ட் தெ நோபிலி இந்த முட்டுக்கட்டையைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே கண்டுகொண்டார். மறுபிறப்பை மறுக்க அவர் எழுதிய நூலுக்குப் பெயரே ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’. தர்க்கத்தில் அவர் சோடைபோகவில்லை. ஆனால் அவர் வாதாடியது பெரும்பாலும் பிராமணப் பண்டிதர்களோடு. பிறந்த உடம்பே தீட்டு, தொட்டால் தீட்டு, நிழல் பட்டால் தீட்டு என்று கேட்டு வளர்ந்த ஒருவனுக்கு, இதே உடம்புதான் மகிமை பெறும், கடவுளின் மகனே காயத்தோடும் தழும்போடும் இதைத்தான் திரும்ப எடுத்துக்கொண்டார் என்ற செய்தி எப்படிக் கேட்டிருக்கும் என்பது வேறு விஷயம். அவன் அதைப் புத்தகமாக எழுதி வைக்கவில்லை.

அவனைப் பற்றி ஓர் ஆவணம் இருக்கிறது. 1703 நவம்பரில் திருத்தந்தையின் தூதராகச் சீனாவுக்குப் போகிற வழியில் தூர்நோன் என்பவர் புதுச்சேரியில் வந்து இறங்கினார். எட்டு மாதம் தங்கினார். உள்நாட்டுப் பக்கம் அவர் போகவேயில்லை; ஆனால் இயேசு சபையார் இங்கே நடத்திய வேதப்பரப்புதலைப் பற்றி விசாரித்து, 1704 ஜூன் 23 தேதியிட்டு 16 விதிகள் கொண்ட ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். ‘மலபார் சடங்குச் சர்ச்சை’ என்று சரித்திரம் சொல்வது இதிலிருந்து மூண்டதுதான். ஞானஸ்நானத்தில் எச்சில் தொட்டு வைக்கும் சடங்கை விடக் கூடாது, தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது, கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது என்று பலவும் அதில் உண்டு. வெளியூர்க்காரர் எட்டு மாதத்தில் தீர்ப்பு எழுதியதன் குறைகள் எல்லாம் அந்த ஆணையில் தெரியும். ஆனால் இரண்டு இடங்களில் அவர் சரியான நரம்பைத் தொட்டார். மாதவிலக்கான பெண்களைப் பாவசங்கீர்த்தனத்துக்கும் கோயிலுக்கும் வரவிடாமல் தடுக்கக் கூடாது என்றார். சாகக் கிடக்கும் பறையர்களின் குடிசைக்குள் குரு நேரில் போய் அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வேண்டும் என்றார்.

இந்தக் கடைசி விதியை நின்று பார்க்க வேண்டும். சன்னியாசிக் கோலத்தில் மேல்சாதியினரிடையே வாழ்ந்த குருக்கள் பறையர் குடிசைக்குள் நுழைந்தால் மற்றவர்கள் தங்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தார்கள். அதனால் நோயாளியைத் தூக்கிக்கொண்டு வந்து வெளியே கிடத்துவார்கள். அங்கே பூசுதல் நடக்கும். நினைத்துப் பாருங்கள்: கடைசி மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும் ஒருவரை நாலு பேர் கட்டிலோடு தூக்கி வெயிலிலோ மழையிலோ வெளியே கொண்டுவருவது. தமிழில் வீடு என்றால் குடியிருக்கும் இடம். ‘விடு’ என்ற வேரிலிருந்து வந்து, அறம் பொருள் இன்பத்துக்கு அப்பால் நாலாவதாக நிற்கும் விடுதலையும் அதே வீடுதான். பழைய செபப் புத்தகங்கள் மோட்ச வீடு என்றே எழுதும். அந்த வீட்டைத் தருகிறோம் என்றவர்கள் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

அவர்களைக் கயவர்கள் என்று தள்ளிவிடுவதும் நியாயமாகாது. சோற்றுக்கும் தூக்கத்துக்கும் வழியில்லாமல், தாய்நாட்டை மறுபடி பார்க்காமல் இந்த மண்ணில் செத்தவர்கள் அவர்கள். ஒரு வாசலைத் திறந்தால் நூறு வாசல் மூடிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு தப்பென்றும் சொல்ல முடியாது. உயிர்ப்பை அறிவிக்கிறவர்கள் போடக்கூடிய கணக்கா அது என்பதுதான் என் கேள்வி.

நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1744-இல் திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட் முடிவுசொன்னார். பறையர்களுக்கென்றே தனியாகக் குருக்களை ஒதுக்குகிறோம் என்று இயேசு சபையார் வைத்த யோசனையை அவர் ஏற்றுக்கொண்டார். குடிசைக்குள் போக ஆள் கிடைத்தார்; வேறு ஆள்.

அடுத்த ஆண்டே புதுச்சேரியில் சுவர் இடிந்தது. மிஷன் வீதியில் இன்று பேராலயமாக நிற்கிற அமலோற்பவ அன்னை கோயிலை ஊரார் சம்பா கோயில் என்பார்கள். இயேசு சபையாரின் ‘சேன் போல்’, அதாவது புனித பவுல் கோயில், தமிழ் வாயில் சம்பாவானது. அதன் வடபுறத்தில் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பறையர்கள், இந்தப் பக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளையரும் கலப்பினத்தாரும். அந்நாளைய புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை 1745 அக்டோபர் நாட்குறிப்பில் நடந்ததை எழுதிவைத்திருக்கிறார். காரைக்கால் பாதிரியார் ஒருவரை முன்னிட்டுக்கொண்டு ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்கள் பெரிய சாமியாரிடம் போனார்கள். நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே, எதற்கு இந்தச் சுவர் என்று கேட்டார்கள். அவர் நியாயத்தை ஒப்புக்கொண்டு சுவரை எடுக்கச் சொல்லிவிட்டார். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். கூட்டம் கூடிப் பேசினால் பிடித்து உள்ளே போடுவேன் என்று கவர்னர் துப்ளேக்சிடமிருந்து எச்சரிக்கை வந்தது. பிள்ளை வைணவர், வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவரின் தொனி அந்தப் பக்கங்களில் இருக்கிறது. அந்தத் தொனிக்காகவே அவரை நம்பலாம் என்று தோன்றுகிறது. சுவரை எடுக்கச் சொன்னவர் சாமியார் என்றாலும், எடுக்க வைத்தவர்கள் கேட்கப் போனவர்கள். வேதப்பரப்புதல் வரலாறுகளில் அவர்களுடைய பெயர் இருக்காது.

அதே 1745-இல் ரெட்டியார்பாளையத்தில் புனித அந்திரேயா கோயில் கட்டி முடிந்தது. கட்டியவர் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷ் கனகராய முதலியார், ஊரில் பெரிய கிறிஸ்தவர். 21 வயதில் 1739-இல் இறந்துபோன தன் மகன் வேலவேந்திரனின் நினைவாக அதைக் கட்டினார். சரித்திரப் புத்தகங்களில் முதலியார் என்றால் பணமும் பதவியும் பிள்ளையோடு போட்டியும்தான். எனக்கோ அந்தக் கோயிலை நினைக்கும்போதெல்லாம் ஒரே மகனைப் பறிகொடுத்த அப்பனின் முகம்தான் முன்னே வருகிறது. உத்தானத்தை நம்பாதவன் அந்தச் செலவு செய்திருக்க மாட்டான். ஆனால் திறப்புவிழா விருந்தைப் பற்றிப் பிள்ளை எழுதியிருப்பதைப் படித்தால் கண் இடறுகிறது. சாதிக்கேற்றபடி தனித்தனியாகச் சமையல், தனித்தனியாகப் பந்தி. மகன் எழுந்து வருவான் என்று நம்பியவரும் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற இடத்தில் பழைய இலையிலேயே உட்கார்ந்தார். அவரை இன்று எளிதாகக் குறைசொல்லலாம். நம்மில் எத்தனை பேர் வீட்டு விசேஷத்துக்கு அந்தப் பட்டியலைத் தாண்டி அழைக்கிறோம் என்று எண்ணிப்பார்த்தால் குரல் கொஞ்சம் இறங்கும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது, சம்பா கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீஸ்வரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்துத் தள்ளினார்கள். நெடுநாளாக அதை அகற்றச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பக்கத்துக் கோயில் பாதிரிமார்கள்தாம். யுத்தம் ஒரு சாக்காகக் கிடைத்தது. பிள்ளையின் நாட்குறிப்பில் வேடிக்கைத் தொனி முழுக்க வற்றிப்போகும் இடம் அது. 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தபோது சம்பா கோயிலும் தரைமட்டமானது. இன்று நாம் பார்ப்பது 1791-இல் முடிந்த கட்டடம். கவர்னர் பக்கத்தில் நின்றுகொண்டு பிறருக்கு விடுதலை தரப் போகிறவரை ஊர் எப்படி நினைவில் வைக்கும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம்.

பிறகு வந்தவர்களை வேகமாகப் பார்த்துவிடலாம். இயேசு சபை கலைக்கப்பட்டபின் 1776-இல் பாரிஸ் வெளிநாட்டு வேதபோதக சபையார் பொறுப்பேற்றார்கள். அவர்களில் ஒருவரான துய்புவா பாதிரியார் முப்பது ஆண்டு இந்த நாட்டில் கிடந்துவிட்டு, இந்துக்களை மனந்திருப்புவது நடக்காத காரியம் என்று 1823-இல் புத்தகமே போட்டார். அவர் புத்தகம் வந்து அரை நூற்றாண்டில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான ஒடுக்கப்பட்டோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். சேத்துப்பட்டில் தர்ராஸ் சாமியாரின் பெயர் இன்றும் நிற்பது அதனால். கஞ்சிக்கு வந்தவர்கள் என்ற ஏளனம் அப்போதே பிறந்தது. எனக்கு அந்த ஏளனம் பிடிப்பதில்லை. செத்துப்போன சிறுமியை எழுப்பிவிட்டு இயேசு முதலில் சொன்னது அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று. உயிர்த்தபின் அவரே கடற்கரையில் மீன் சுட்டு வைத்துக்கொண்டு சீடர்களைக் கூப்பிட்டார். கஞ்சியைச் சின்ன விஷயமாக நற்செய்தி எழுதியவர்கள் நினைக்கவில்லை.

பிரெஞ்சு அரசு வேறொரு விடுதலையை வைத்திருந்தது. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி, சாதி வழக்கத்தையும் மதவழிச் சட்டத்தையும் கைவிட்டுக் கையெழுத்துப் போட்டால் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின்கீழ் வரலாம். புதுக் குடும்பப்பெயரும் வைத்துக்கொள்ளலாம். ‘ரெனோன்சான்’ என்று பெயர் பெற்ற இவர்களில் ஒடுக்கப்பட்டோரும் கிறிஸ்தவர்களும் நிறையப் பேர். 1873-இல் செருப்பைக் கழற்றிவிட்டு வா என்ற நீதிமன்றத்தை எதிர்த்துப் பாரிஸ்வரை போய் ஜெயித்த வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை தனக்கு ‘லாப்போர்த்’ என்று பெயர் வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் கதவு. பழையதைத் துறந்து, புதுப்பெயர் எடுத்து, நிமிர்ந்து நடப்பது: ஞானஸ்நானத்தில் கோயில் சொன்ன வாக்குகளை நகராட்சி அலுவலகம் எழுத்தில் கொடுத்தது. கோயிலுக்குள் இருந்த இடைவெளி அந்தக் கையெழுத்தில் மறையவில்லை என்பதும் உண்மை.

இதே ஊரில் உயிர்ப்பைப் பற்றிக் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் யோசித்தார்கள். 1908 முதல் 1918 வரை இங்கே வாழ்ந்த பாரதி இயேசுவைப் பற்றி ஒரு சிறிய பாட்டு எழுதியிருக்கிறார். உயிர்த்த இயேசுவை நேரில் கண்டவளாக மகதலேனாளை நிறுத்தி, சிலுவையையும் உயிர்ப்பையும் மனிதனுக்குள் நடக்கும் காரியமாக அவர் விரித்துவிடுகிறார். அரவிந்தர் 1910-இல் வந்து 1950-இல் இறக்கும்வரை தேடியது உடம்பிலிருந்து தப்பிக்கும் வழியை அல்ல. உடம்பே மாறும் வழியை. சம்பா கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கிறிஸ்தவர்கள் உடம்பின் உயிர்ப்பை வாரந்தோறும் அறிக்கையிட்டுவிட்டு ஆன்மா மோட்சம் போவதைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்த காலத்தில், உடம்பைப் பொருட்படுத்தியவர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தார்.

இன்று ‘விடுதலை’ என்ற சொல் புதுச்சேரிச் சுவரொட்டிகளில்தான் அதிகம். விடுதலை ஆராதனை, விடுதலைப் பெருவிழா, கட்டுகள் உடையும் ஜெபம். கத்தோலிக்கரின் அருங்கொடை இயக்கக் கூட்டங்களில் ஜெபம் செபமாகும். மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை. கடன், பில்லிசூனியம், குழந்தையின்மை, குடி எல்லாம் அங்கே ‘கட்டு’. படித்த கிறிஸ்தவர்கள் இவற்றைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். நானும் சுளித்தவன்தான். ஆனால் கணவன் குடித்துவிட்டு அடிக்கும் வீட்டிலிருந்து வருகிற பெண் கை தூக்கி அழுவதற்கு ஊரில் வேறு இடம் எங்கே இருக்கிறது? என் மனத்தாங்கல் அழுகையோடு இல்லை. மேடையில் ஒருவர், கீழே ஆயிரம் பேர். அவர் கட்டளையிட வேண்டும், இவர்கள் விழ வேண்டும். கட்டு அவிழ்ந்ததோ இல்லையோ, மறுவாரமும் அவரிடமே வர வேண்டியிருக்கிறது.

குடியைப் பொறுத்தவரை இந்த ஊருக்கு வேறு மருந்தும் தெரியும். பிராந்திக்கடையும் சாராயக்கடையும் தெருவுக்குத் தெரு உள்ள பிரதேசம் இது. ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில் தொடங்கியது. பில் வில்சன் என்ற குடிகாரர், மறுபடி குடித்துவிடுவோமோ என்ற பயத்தில், பேசுவதற்கு இன்னொரு குடிகாரரைத் தேடினார். பாப் ஸ்மித் என்ற டாக்டர் கிடைத்தார். உபதேசிக்கப் போகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போனார். இருவரும் பிழைத்தார்கள். அவர்கள் வகுத்த பன்னிரண்டு படிகளில் கடைசிப் படி, தனக்குக் கிடைத்த விழிப்பை இன்னொருவருக்குக் கொண்டுபோவது. அவர்களுடைய கூட்டத்தில் தட்டு, தேநீர், பழைய நாற்காலிகள், பெயர் சொல்லித் தான் குடிநோயாளி என்று தொடங்கும் பேச்சு. மேடை கிடையாது. உயிர்ப்பு என்ற சொல் அங்கே வராது. ஆனால் செத்துப் பிழைத்தவர்கள் பேசுகிற பேச்சு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த நாற்காலிகளில்தான் உட்கார வேண்டும்.

மேற்கத்திய வழியில் வந்த நம் கோயில்களில் பாஸ்கா இரவன்று திரை விலகியதும் உயிர்த்த ஆண்டவரின் சுரூபம் கையில் கொடியோடு வெளிச்சத்தில் நிற்கும். மணி அடிக்கும், வெளியே வெடி போடுவார்கள். சின்ன வயதில் எனக்கு மயிர்க்கூச்செறிந்த காட்சி அது. வளர்ந்தபின் இஸ்தான்புல் நகரத்துப் பழைய கோரா ஆலயத்தின் பதினான்காம் நூற்றாண்டு ஓவியத்தைப் படத்தில் பார்த்தேன். கீழைத் திருச்சபைகள் உத்தானத்தை இப்படித்தான் வரைகின்றன: கிறிஸ்து தனியாக எழவில்லை. பாதாளத்தின் கதவுகள் உடைந்து காலடியில் கிடக்கின்றன. பூட்டும் சாவியும் சிதறியிருக்கின்றன. ஒரு பக்கம் ஆதாம், மறுபக்கம் ஏவாள்; இருவரையும் மணிக்கட்டில் பிடித்துக் கல்லறையிலிருந்து இழுக்கிறார். கையைக் கோக்கவில்லை, மணிக்கட்டைப் பிடிக்கிறார். கிணற்றில் விழுந்தவரைத் தூக்குகிறவர் பிடிக்கும் பிடி. நான்காம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரியார் ஈஸ்டர் பிரசங்கத்திலேயே, அடிமைகளை விடுதலை செய்யுங்கள் என்று எசமானர்களிடம் கேட்டார். அந்த ஓவியத்தையும் இந்தப் பிரசங்கத்தையும் பக்கத்தில் வைத்தால், நம் சுரூபத்தின் கையில் கொடி மட்டும் இருப்பது உறுத்துகிறது.

இனி எறையூர். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு உட்பட்ட பழைய பங்கு. செபமாலை அன்னை கோயில். வன்னியக் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் அங்கே உண்டு. தலித்துகளின் சவ ஊர்வலம் பொதுத்தெரு வழியாகக் கோயிலுக்கு வர முடியாமல் இருந்தது, கோயிலின் சவவண்டி அவர்களுக்குக் கிடைக்கவில்லை, கல்லறையும் தனியாக இருந்தது. அவர்கள் தங்கள் தெருவில் சகாய அன்னைக்குக் கோயில் கட்டிக்கொண்டு, அதைத் தனிப் பங்காக்கித் தாருங்கள் என்று கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று தலித் குடியிருப்பு தாக்கப்பட்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் தரப்பில் இருவர் இறந்தார்கள். கிறிஸ்தவர்களைக் கிறிஸ்தவர்கள் தாக்கினார்கள். காரணங்களில் ஒன்று, பிணம் எந்த வழியாகப் போவது.

இது எறையூரோடு முடிகிற கதை இல்லை. வடக்கன்குளத்தில் கோயிலைப் பிரித்த சுவரை 1910-இல் இடித்தபோது சாதிக் கிறிஸ்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1917-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கேட்ட தனியுரிமை கிடையாது என்றது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை 2-ஆம் யோவான் பவுல், சாதிப் பாகுபாட்டை நேராகவே கண்டித்தார். புதுச்சேரி ஆயர்களும் அந்த அறையில் இருந்தவர்கள். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டு தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. 1704-இல் தூர்நோன் எழுதியதற்கும் இதற்கும் இடையே 312 ஆண்டுகள். காகிதம் நம்மிடம் எப்போதும் நன்றாகவே இருந்திருக்கிறது.

2008 மார்ச் 9 என்னைப் பல வருஷம் விடவில்லை. நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன். தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. கத்தோலிக்கக் கோயில்களில் வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்றில் வரும். அது முதலாம் ஆண்டு. அந்த ஞாயிறுக்குக் குறிக்கப்பட்ட நற்செய்தி யோவான் பதினோராம் அதிகாரம்: லாசரை எழுப்பியது. உலகமெங்கும் அன்று பூசையில் வாசிக்கப்பட்டது அதுதான்.

அந்த அதிகாரத்தில் இயேசு சுற்றி நிற்பவர்களுக்கு இரண்டு வேலை வைக்கிறார். முதலில் கல்லை எடுக்கச் சொல்கிறார். நாலு நாளாகிவிட்டது, நாறும் என்று செத்தவனின் சகோதரியே தயங்குகிறாள். ஒரு சொல்லால் செத்தவனை எழுப்பக்கூடியவருக்குக் கல் ஒரு பொருட்டா? ஆனாலும் அதை அவர் தொடவில்லை. ஊரார் தொட வேண்டும், நாற்றத்தையும் அவர்களே தாங்க வேண்டும். உயிர் கொடுப்பது அவருடைய வேலை. அதில் யாருக்கும் பங்கில்லை. லாசர் வெளியே வருகிறார், கையும் காலும் துணியால் கட்டப்பட்டு, முகம் மூடப்பட்டு. உயிர் வந்துவிட்டது, நடக்க முடியாது. அப்போது இரண்டாவது வேலை: கட்டை அவிழ்த்துவிட்டு அவனைப் போக விடுங்கள். கடைசிப் பகுதியைப் பிரசங்கிகள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவிழ்த்தவரிடம் அவன் தங்க வேண்டும் என்று இல்லை; நன்றி சொல்ல வேண்டும் என்றும் இல்லை. போக விட வேண்டும். பிறருடைய ஆன்ம விடுதலைக்கு உதவுவது பற்றி நற்செய்தியில் இதைவிடத் தெளிவான செய்முறை விளக்கம் எனக்குத் தெரியாது. சம்பா கோயில் சுவரும் எறையூர்த் தெருவும் கல். குடிசைக்கு வெளியே கொண்டுவந்து கிடத்திய கட்டில் கட்டு. புதுச்சேரியில் உயிர்ப்பை அறிவித்தவர்கள் பலர் மூன்றாவது வேலையை, தங்களுக்கு ஒதுக்கப்படாத உயிர் கொடுக்கும் வேலையை, எடுத்துக்கொண்டார்கள்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். உப்பளம் கல்லறைத் தோட்டத்தில் காலையிலிருந்தே கூட்டம். முந்தின நாளே சுண்ணாம்பு அடித்த கல்லறைகளில் சாமந்தி மாலை, ரோஜா இதழ், மெழுகுவர்த்தி. பிரெஞ்சுப் பெயர் செதுக்கிய பளிங்குக்குப் பக்கத்தில் தமிழ்ப் பெயர் எழுதிய சிமெண்டுச் சிலுவை. ஒரு அம்மாள் கல்லறையின் தலைமாட்டில் உட்கார்ந்து, காற்றில் அணைந்த திரியைத் திரும்பத் திரும்பப் பற்றவைக்கிறாள். தீப்பெட்டி தீர்ந்ததும் பக்கத்துக் கல்லறைக்காரரிடம் கேட்கிறாள். அவர் யார், எந்தத் தெரு என்று அப்போது யாரும் கேட்பதில்லை. ஒரு நாளைக்கு அது நடக்கிறது.

யோவானின் அதிகாரத்தில் ஒரு விஷயம் எழுதப்படாமல் இருக்கிறது. கட்டை அவிழுங்கள் என்ற கட்டளைக்கு அடுத்த வரியில், பலர் நம்பினார்கள், சிலர் பரிசேயரிடம் போய்ச் சொன்னார்கள் என்று கதை வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. அவிழ்த்தார்களா, யார் அவிழ்த்தார்கள், ஒரு வார்த்தை இல்லை. யாரோ அவிழ்த்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் அதிகாரம் தொடங்கும்போது பெத்தானியாவில் ஒரு விருந்து நடக்கிறது. மார்த்தா பரிமாறுகிறாள். லாசர் எல்லாரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்.